மற்றவை என்று ஒரு பெட்டி

அன்றைக்குத் திரையில் அவர் பெயருக்கு எதிரே 312 என்று இருந்தது. முந்தைய நாள் அவர் நடந்த காலடிகள். பக்கத்தில் சிவப்புப் புள்ளி. சர்க்கரை நோய் வராமல் தடுக்க அவர் போனில் நாங்கள் ஏற்றிவிட்ட செயலி தன் பங்குக்கு விடிகாலையிலேயே அவருக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தது: ‘நேற்று ஓய்வு நாளா? இன்று எழுந்து நடக்கலாமே!’ கூடவே ஒரு ஷூ படம்.

அவருக்கு 58 வயது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு ஊர், பத்து மா நிலம். ஷூவெல்லாம் கல்யாணத்துக்குக்கூடப் போட்டதில்லை என்று முதல் அழைப்பிலேயே சொன்னவர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கூப்பிட்டேன். பின்னால் லாரி உறுமுகிற சத்தம்.

“கொள்முதல் நிலையத்துல கெடக்கேன் பாப்பா. இன்னியோட நாலு நாளாச்சு. நெல்லு நனைஞ்சிருச்சு. ஈரம் பாத்துட்டு, காய வச்சுக் கொண்டான்னுட்டாங்க.”

“நேத்து நடக்கவே இல்ல போலிருக்கே ஐயா?” என்றேன். அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “காலையிலேருந்து காலால நெல்லு கிண்டிக்கிட்டிருக்கேன் பாப்பா. போனு கட்டில்ல கெடந்துச்சு.”

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நனைந்த நெல்லைத் தளத்தில் பரப்பி, வெறுங்காலோடு அதற்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். ஏர் ஓட்டின மாதிரி கோடு கோடாக விழும். இந்த முனையிலிருந்து அந்த முனை, அப்புறம் குறுக்குவாட்டில். அடியில் கிடக்கும் ஈர நெல் மேலே வந்து வெயில் படணும். வெயில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப இதே வேலை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் எடுப்பார்கள். மழை கெடுத்த வருடங்களில் கொஞ்சம் தளர்த்துவார்கள். குறுவை அறுப்பு மழையோடு வந்தால் எல்லாக் கொள்முதல் நிலையத்திலும் இந்தக் காட்சிதான். அந்த 312 காலடி, கட்டிலுக்கும் டீக்கடைக்கும் நடுவில் போன் சட்டைப்பையில் இருந்தபோது விழுந்த கணக்கு.

அந்த வாரம் அவருக்குக் கோளாறு நடையில் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டில். நெல்லுக்குக் காவலாகத் தார்ப்பாய் பக்கத்தில் படுத்துக் கிடப்பவருக்கு ஒன்பது மணிக்கு மேல் என்ன கிடைக்கும்? ரோட்டோரக் கடையில் பரோட்டாவும் சால்னாவும். தூக்கம் வராமலிருக்க டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. நாலு ராத்திரியும் இதேதான். இது எதையும் கேட்கச் செயலியில் இடமில்லை. ‘தடைகள்’ என்ற தலைப்பில் எனக்கு நாலு பெட்டி உண்டு: நேரமின்மை, ஆர்வமின்மை, உடல்நலக் குறைவு, மற்றவை. ‘மற்றவை’யில் டிக் அடித்தேன். இரண்டு வருட வேலையில் நான் அதிகம் அடித்த டிக் அதுதான்.

நான் மனையியல் படித்தவள், சத்துணவுப் பிரிவு. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு தனியார் நிறுவனத்துக்கு ‘ஹெல்த் கோச்’ வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஊர் ஊராக முகாம் போட்டுச் சுகர் பார்ப்பார்கள். நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரப் பார்க்கிறது என்ற நிலையில் இருப்பவர்களைப் பிடித்து, போனில் செயலியை ஏற்றிவிட்டு, ஒரு வருடத் திட்டத்தில் சேர்ப்பார்கள். நம்மூரில் இதற்குப் பெயர் பார்டர் சுகர். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4-க்குள் இருந்தால் பார்டர், 6.5 வந்துவிட்டால் நோய். “பார்டர்தாங்க” என்று சொல்லும்போது அந்த ‘தாங்க’வில் ஒரு நிம்மதி தெரியும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் பார்டரில் என்று கணக்குச் சொன்னது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அடுத்த பந்திக்கு நிற்பவர்கள் அதிகம்.

நிற்பவர்களை அங்கிருந்து நகர்த்திக் கூட்டிப் போக முடியும் என்பது இன்று நேற்றுத் தெரிந்ததில்லை. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு, எடையில் 7 சதவீதம் குறைப்பு, இதுதான் இலக்கு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர், முதல் ஆறு மாதத்தில் 16 பாடங்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம்தான்.

சரி, அது அமெரிக்கா. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவும் 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து உதவி கிடைத்தவர்களில் 39 சதவீதம். உதவி கிடைத்த அந்தக் கூட்டத்துக்கு எடை இறங்கவில்லை, ஆனாலும் நோய் குறைந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

எங்கள் பயிற்சி வகுப்பில் முதலில் காட்டிய படம் அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு. வேலைக்குப் போகிற ஆண்கள் 537 பேர், எல்லோரும் பார்டர். ஒரு பாதிக்கு ஆரம்பத்தில் நேரில் அறிவுரை, அதோடு சரி. இன்னொரு பாதிக்கு அதோடு கூடப் போனில் குறுஞ்செய்திகள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பாதியில் 27 சதவீதம் பேருக்கு நோய், செய்தி போனவர்களில் 18 சதவீதம். “பாத்தீங்களா, வெறும் எஸ்.எம்.எஸ்.! நம்மகிட்ட ஆப்பே இருக்கு” என்றார் பயிற்சி கொடுத்தவர். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை அப்புறம் நானே தேடிப் படித்தேன். அந்தச் செய்திகள் கோயில் மைக்கில் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் ஒன்றாகப் போனவை இல்லை. ஆள் மாறுவதைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லையா, யோசித்துக்கொண்டிருக்கிறாரா, ஆரம்பித்துவிட்டாரா என்று பார்த்து, அந்தக் கட்டத்துக்குத் தக்கபடி அனுப்பியவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் துறைக்குத் தமிழில் ‘நடத்தை மாற்றம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ. “உங்க நடத்தைய மாத்த நாங்க உதவுறோம்” என்று ஒரு பெரியவரிடம் சொல்லி, “எம் நடத்தைக்கு என்ன கொறச்சல்?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ‘பழக்கம்’தான். பழக்கத்தை மாற்ற உதவுவதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று லண்டனில் சூசன் மிச்சி என்பவரும் கூட்டாளிகளும் 2013-இல் ஒரு பட்டியலே போட்டார்கள். 93 உத்திகள், 16 கட்டு. இலக்கு வைப்பது, தன்னைத்தானே கண்காணிப்பது, எப்போது எங்கே செய்வேன் என்று திட்டம் போடுவது, எது தடுக்கிறது என்று அலசி வழி கண்டுபிடிப்பது, வைத்த இலக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்து மாற்றுவது, சுற்றுப்புறத்தை மாற்றி வைப்பது என்று நீளும்.

இதில் எண்ணுகிற வேலை எல்லாம் செயலிக்குக் கைவந்த கலை. காலடி, எடை, குடித்த தண்ணீர், எதை வேண்டுமானாலும் எண்ணிக் கட்டம் போட்டுக் காட்டும். தடையை அலசுவது அப்படி இல்லை. அது பேச்சு. பேச நேரம் வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இது நம்மூர்க் கஞ்சத்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2016-இல் அரசே நாடு முழுக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. ஆய்வாளர்கள் போய் வகுப்புகளில் உட்கார்ந்து, ஏட்டில் எழுதியதில் எத்தனை நிஜமாக நடக்கிறது என்று பார்த்தார்கள். தகவல் சொல்வது தாராளமாக நடந்தது. ஏட்டில் இருந்த அளவுக்கு நடக்காதவற்றில் முக்கியமானது இந்தத் தடை அலசல்தான்.

எங்களுக்கு ஓர் அழைப்புக்கு ஏழு நிமிடம். வணக்கம், எடை, காலடி, சாப்பாட்டுப் பதிவு, பாராட்டு, வாழ்த்து. ஏழு நிமிடம் தாண்டினால் என் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி.

திருவாரூர் பக்கம் ஒரு தனியார் பஸ் கண்டக்டர். 48 வயது. ‘சர்க்கரை இல்லாத டீ’ என்று அவரே இலக்கு வைத்துக்கொண்டார். நாளைக்கு ஆறு டீ குடிப்பவர், ஆறிலும் சீனி. ஐந்து வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வாரமும் செயலி ‘மனம் தளர வேண்டாம்’ என்று அவரைத் தேற்றியது. ஆறாவது வாரம், சிவப்புப் புள்ளி வந்தால் வரட்டும் என்று கேட்டேன்: “என்னதாண்ணே தடுக்குது? சீனி இல்லாம குடிக்கப் பிடிக்கலியா?”

“பிடிக்கலன்னு இல்ல மேடம். வீட்டுல அப்பிடித்தான் குடிக்கிறேன்.” கொஞ்சம் தயங்கினார். “கடையில போயி ‘சீனி இல்லாம ஒண்ணு’ன்னா நாலு பேரு திரும்பிப் பாக்குறான். ‘என்னய்யா, உனக்குமா?’ங்கிறான். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். அப்பனுக்குச் சுகருன்னு பஸ் ஸ்டாண்டு பூரா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?”

ஐந்து வாரம் நான் அவருக்கு அனுப்பியது சர்க்கரையின் தீமைகள் பற்றிய வண்ணப் படங்கள். அவருக்கு அது தெரியாததா? இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். நாளைக்கு ஆறு டீயில் நாலு டீ இரண்டே கடையில். மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் ஆள் இருக்காது. அந்த நேரம் போய் டீ மாஸ்டரிடம் தனியாகச் சொல்லிவைப்பது, வாய் திறந்து கேட்காமலே இனி சீனி போடாமல் தருவது என்று முடிவானது. அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார், சிரிப்பு தாங்கவில்லை. “அந்த மாஸ்டர் இருக்கானே மேடம், சொன்னதுக்கு மேல செய்யிறான். கிளாஸ்ல சீனி இல்ல. ஆனா வெறுங்கரண்டிய உள்ள விட்டு கிண் கிண்ணுன்னு ஒரு கலக்கு கலக்கிக் குடுக்குறான். எவனுக்கும் தெரியாது.”

அந்த வெறுங்கரண்டிச் சத்தத்தை எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது? 93-இல் அது எத்தனையாவது என்று அன்று ராத்திரி பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தடை அலசலா, சுற்றத்தார் உதவியா, சுற்றுப்புற மாற்றமா, மூன்றிலும் வரும் போலிருந்தது.

பாபநாசம் பக்கத்து வீடு ஒன்று. திட்டத்தில் சேர்ந்தவர் ஓய்வுபெற்ற ஒருவர், போன் அவருடையது, செயலிக்கு அவர்தான் ஆள். ‘இன்று எத்தனை கிண்ணம் சோறு?’ என்று அது அவரைக் கேட்கும். அவர் கையில் கிண்ணமும் இல்லை, கரண்டியும் இல்லை. வீட்டு அம்மா, அவர் மனைவி, போடுவார், இவர் சாப்பிடுவார். நம் பக்கத்தில் பரிமாறுகிறவர் இரண்டாம் முறை சோற்றைக் கொண்டுவரும்போது இலையை மறித்துக் கையை நீட்டினால்தான் நிற்கும். வாயால் சொல்கிற ‘போதும்’ கணக்கில் சேராது. இதில் ‘பாதித் தட்டு காய்கறி’ என்று படம் அனுப்பி என்ன?

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். “ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி போடுறீங்க?” நாலு பேர் வீடு. காலையில் இட்லி. மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்து மூன்று உழக்கு. மிஞ்சினால் தண்ணி ஊற்றிப் பழையது. சாமி அறையில் மாமியார் காலத்துப் பித்தளை ஆழாக்கு ஒன்று இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அதை அடுப்படிக்குக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று உழக்கு அளந்துவிட்டு அதிலிருந்து ஓர் ஆழாக்கு அரிசியைத் திரும்ப அரிசிப் பானையிலேயே போட்டுவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம், பொரியலை மட்டும் கொஞ்சம் கூடச் செய்யுங்கள் என்றேன். உழக்குக்கு இரண்டு ஆழாக்கு, அதாவது ஆறில் ஒரு பங்கு குறையும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டால், “யாருமே கண்டுபிடிக்கல கண்ணு” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வரி: “பழையது மிஞ்சல, அவ்வளவுதான். நாய்தான் வந்து வந்து பாத்துட்டுப் போவுது.” ஆக அவர் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை, குறைந்தது நாயின் பங்கு. இரண்டாவது வாரம் இன்னோர் ஆழாக்கு குறைத்தோம். இந்த முறை பெரியவர் ராத்திரி “என்ன, சோறு கொறச்சலா?” என்று கேட்டாராம். சுண்டல் வைத்தாராம் அம்மா. இப்படி ஒரு முறை வைத்துப் பார்த்து, அது பலிக்கவில்லை என்று தெரிந்து, திரும்ப மாற்றுவதைத்தான் ஏட்டில் ‘இலக்கு மறுபரிசீலனை’ என்று போட்டிருக்கிறார்கள். செயலியில் இலக்கை மாற்ற வேண்டுமென்றால் மூன்று திரை தாண்டிப் போக வேண்டும். அந்த அம்மாவுக்குச் செயலியில் கணக்கே கிடையாது.

அரிசி என்றதும் ஒன்று. மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் நல்ல அரிசிகள், நானும் சாப்பிடுகிறேன். அதற்காக அது மருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டதால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அரிசி அரிசிதான்.

குடவாசல் பக்கம் ஒரு பாட்டி, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வாரம் ஆறு நாளும் காலடி பூஜ்யம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 14,000. செயலி அவருக்கு ‘நட்சத்திர நடையாளர்’ பட்டம் கொடுத்து வாழ்த்தியது. விசாரித்தால், ஞாயிறன்று பேரன் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போகிறான். மற்ற நாளில் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பது பாட்டி, வீட்டில் சார்ஜில் நிற்பது போன். “அவனுக்கே அந்தப் பட்டத்தக் குடுத்துடும்மா” என்றார்.

எடைக்கு வருகிறேன். எங்கள் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் நிற்பது எடைதான். மூன்றாவது மாதம் வரை ஆட்கள் உற்சாகமாக இருப்பார்கள். எடை நகராது. அல்லது ஒரு கிலோ இறங்கி, தீபாவளிக்கு ஒன்றரை ஏறும். ‘இவ்வளவு செஞ்சும் ஒண்ணும் ஆகல’ என்று போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்போதெல்லாம் அந்த 2006 சென்னை ஆய்வைத்தான் சொல்வேன். எடை இறங்காமலே நோய் குறைந்த கதை, நம்மாட்களை வைத்தே பார்த்தது. கேட்டதும் சிலர் குரலே மாறும். தொப்பை இறங்கினால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதன் தினம் காலையில் ஏறி நின்று தோற்றுப்போகிற ஒரு எண்ணை முகப்பில் மாட்டி வைத்தது யார் புத்தி என்று தெரியவில்லை.

இரண்டாம் வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று மாதம் ஓர் அழைப்பாக ஆக்கினார்கள். நடுவில் அரட்டைப் பெட்டி ஒன்று பதில் சொல்லும், ஆள் இல்லாமல் தானாகவே. நம் நீடாமங்கலத்துக்காரர் மகளை விட்டு அதில் ‘நெல் நனைந்துவிட்டது, ஒரு வாரம் வீட்டுச் சாப்பாடு இல்லை’ என்று தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். அது உடனே பதில் போட்டது: ‘நெல்லிக்காய் மிகச் சிறந்த தேர்வு! வைட்டமின் சி நிறைந்தது.’ அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். இன்னும் வைத்திருக்கிறேன்.

மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தேன். ‘மற்றவை’ பெட்டியைத் திறந்துவிடுங்கள், அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது, அழைப்பை ஏழு நிமிடத்திலிருந்து பதினைந்தாக்குங்கள், வேண்டுமானால் எண்ணுகிற வேலையைச் செயலியிடமே விட்டுவிடுங்கள் என்று. பதிலாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஐம்பது எழுத்து எழுத இடம் வந்தது. எழுதியதை யாராவது படித்தார்களா என்று கேட்டேன். அது அறிக்கையில் வராது என்றார்கள். அந்த வருடக் கடைசியில் விலகிவிட்டேன்.

விலகிய பிறகு அம்மாவோடு கோயில்வெண்ணிக்குப் போனேன். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில், கரிகாலன் சண்டை போட்டு ஜெயித்த வெண்ணி. சாமி பெயர் கரும்பேஸ்வரர். சர்க்கரை நோய்க்காரர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து எடுத்துவந்து பிரகாரத்தில் தூவுவார்கள். எறும்பு வந்து அதைத் தின்னத் தின்ன உடம்பில் சர்க்கரை இறங்கும் என்று நம்பிக்கை. எனக்கு அதில் ரத்தப் பரிசோதனைக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் நீடாமங்கலத்துக்காரர் ஞாபகம் வந்தது. அவரும் போயிருக்கிறார். ஒரு முறை பேச்சில் சொன்னார்: “அங்க போயிட்டு வந்த அன்னியிலேருந்து வீட்டுல காப்பிக்குச் சீனி போடுறதில்ல பாப்பா. எறும்புக்குக் குடுத்துட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வந்து, அப்புறம் நானே அள்ளித் தின்னா எப்பிடி?” நான் செயலியில் அவருக்கு வைத்த காப்பி இலக்கு ‘நிலுவையில்’ என்றே இருந்தது. அவர் அதைத் திறக்கவே இல்லை.

ஆள் வைத்துப் பேசினாலே எல்லாம் நடந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1,007 பேரைச் சிறு சிறு குழுவாக்கி, ஊர்க்காரர்களிலேயே ஒருவரைத் தலைவராக வைத்து ஒரு வருடம் நடத்தினார்கள். 2018-இல் முடிவு வந்தது. பழக்கங்களில் சில நல்ல மாற்றம். ஆனால் நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பேச்சு வேறு, தடையை அலசுகிற பேச்சு வேறு. அதோடு எத்தனை காலம் பேசுகிறோம், யாரோடு பேசுகிறோம் என்பதும் இருக்கிறது. எனக்கு ஆசை என்னவென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிறார்களே பெண்கள், அவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களுக்கு மாத்திரையோடு வருகிற அதே கால்கள். திண்ணையில் உட்கார்கிறவர்கள், அடுப்படியில் உழக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்திருப்பவர்கள். கையில் செயலி இருக்கட்டும், எண்ணட்டும். இவர்கள் ஒரு கேள்வி கேட்க நேரம் கொடுத்தால் போதும்: போன வாரம் எது தடுத்தது? இருக்கிற வேலைக்கே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது தனிக் கதை.

எனக்கு இப்போது வேறு வேலை. பழைய ஆட்களில் மூன்று நாலு பேர் மட்டும் இன்னும் கூப்பிடுவார்கள். கண்டக்டர் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து பத்திரிகையும் அனுப்பினார். போன குறுவைக்கு, அறுப்பு மிஷின் வருவதற்கு ரெண்டு நாள் முன்னால், நீடாமங்கலத்திலிருந்து போன்.

“பாப்பா, நாளன்னிக்கு அறுப்பு. எப்பிடியும் கொள்முதல்ல மூணு நாலு ராத்திரி கெடக்கணும்.”

“சரிங்க ஐயா. என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

“அதான் சொல்லக் கூப்ட்டேன். கொண்டக்கடலைய ஊறப் போடச் சொல்லிட்டேன். மவ அவிச்சுக் குடுத்துரும். பேரன் ஏழு மணிக்கு சைக்கிள்ல கொண்டாந்துருவான். டீக்குத்தான் ஒண்ணும் தோணல. அந்த நேரத்துல தூக்கம் சொக்கும்.”

வெறுங்கரண்டிக் கதையைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். அந்தக் கடையில் மாஸ்டர் புது ஆள், இன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தார்.